முதுசமும் தேட்டமும்: பெண்களைத் தாக்கும் புற்றுநோயும் காவல் மரபணுக்களும்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் நிகழ்த்திய உரை)



அரசியல் மேடையிற் பேசுகின்றவன் இன்று நோயைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மருந்து கூற நான் வரவில்லை. அது மருத்துவர் பணி. ஆனால், நோயுற்ற பெண்ணொருத்தியின்மீது அந்நோயே குற்றமாகச் சுமத்தப்படுமாயின், அவளுக்காக வாதாடுவது வழக்கறிஞனின் கடமையன்றோ?

கருப்பைக் கழுத்திலோ சூலகத்திலோ புற்றுநோய் கண்ட பெண்ணை நம் சமூகம் இரண்டு குற்றச்சாட்டுகளால் வருத்துகின்றது. ஒழுக்கக் குறைவால் வந்த நோய் என்பது ஒன்று. அந்தக் குடும்பத்து இரத்தமே கெட்டது என்பது மற்றொன்று. முதலாவது சொல்லுக்கு அஞ்சிப் பெண்கள் பரிசோதனைக்குப் போவதில்லை. இரண்டாவது சொல்லுக்கு அஞ்சிக் குடும்பங்கள் உண்மையை மறைக்கின்றன. இரண்டும் உயிரைக் குடிக்கும் சொற்கள். அவற்றைப் பற்றி விஞ்ஞானம் என்ன சாட்சி சொல்கின்றது என்பதை உங்கள்முன் வைக்கின்றேன், தீர்ப்பு உங்களுடையது.

நமது உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. கலம் பெருகினாற்றான் உடல் வளரும், புண்ணும் ஆறும். ஆனால் அளவின்றிப் பெருகினால் அதுவே கட்டி. வயலுக்கு நீர் வேண்டும். ஆயினும் வாய்க்காலைத் திறக்கத் தெரிந்தவனுக்கு மூடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கலத்தின் பெருக்கத்தை வேளையறிந்து மூடுகின்ற மரபணுக்களையே கட்டியடக்கி மரபணுக்கள் என்கின்றனர். பெருகும் கலத்தை நிறுத்துவதும், பழுதைச் செப்பனிடுவதும், செப்பனிட இயலாத கலத்தை மடியச் செய்வதும் அவற்றின் தொழில். இவற்றுள் முதன்மையான பி53 என்பதற்கு, டேவிட் லேன் என்னும் அறிஞர் 1992இல் மரபணுத்தொகுதியின் காவலன் என்று பெயர் சூட்டினார்.

இக்காவல் எவ்வாறு அழிகின்றது? ஒவ்வொரு மரபணுவுக்கும் பொதுவாக இரண்டு பிரதிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. காணி உறுதியின் மூலம் தொலைந்தாலும் நொத்தாரிசிடம் உள்ள பிரதி நம்மைக் காப்பதுபோல, ஒன்று கெட்டாலும் மற்றது காவல் செய்யும். கட்டியடக்கி மரபணுக்கள் பெரும்பாலும் இரண்டு பிரதிகளும் கெட்ட பின்னரே காவலை இழக்கின்றன. இந்த இரட்டை அடிக் கருத்தை, குழந்தைகளின் கண்ணில் வரும் ஒருவகைப் புற்றுநோயை ஆராய்ந்து, 1971இல் ஆல்பிரட் நட்சன் முன்வைத்தார்.

தேசவழமைச் சட்டம் ஆதனத்தை முதுசம் என்றும், சீதனம் என்றும், தேடிய தேட்டம் என்றும் வகுப்பதை நீங்கள் அறிவீர்கள். மரபணுப் பழுதையும் அவ்வாறே பிரித்து நோக்கலாம். பிறப்போடு வருவது முதுசம். வாழ்நாளில் வந்து சேர்வது தேட்டம்.

முதலாவது குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் தேட்டமே. மனித பப்பிலோமா வைரசு அதற்குக் காரணம் என்று நிறுவிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வைரசில் 16, 18 என எண்ணிடப்பட்ட இரு வகைகளே உலகில் இந்நோயின் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணம். இவை செய்வது என்ன? வைரசு உண்டாக்கும் ஈ6 என்ற புரதம் பி53 காவலனைப் பிடித்து அழிக்கின்றது. ஈ7 என்ற புரதம் ஆர்பி என்னும் மற்றொரு காவலனைச் செயலிழக்கச் செய்கின்றது. அப்பெண்ணின் மரபணு பழுதானதன்று. அவளுடைய காவலர் வெளியிலிருந்து வந்தவனாற் சிறைப்பிடிக்கப்பட்டனர்.

இவ்வைரசு உடலுறவால் தொற்றுவது என்பதைக் கொண்டு ஒழுக்கத்தை இழுப்போர் உளர். மணவாழ்வு வாழும் ஆண் பெண்ணிற் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொட்டுச் செல்லும் வைரசு இது. கணவன் ஒருவனையே அறிந்த மனைவிக்கும் வரும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதனை வென்று விடுகின்றது. வெல்லாது நீடித்த சிலருக்கே, பல ஆண்டுகள் கழித்து, நோய் தோன்றுகின்றது. பெரும்பாலோருக்கும் வரும் தொற்றை ஒருத்தியின் ஒழுக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. சூலகப் புற்றுநோயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே முதுசமாக வருவது. அதில் முதன்மையானவை பிராக்கா-1, பிராக்கா-2 என்னும் இரு மரபணுக்கள். முன்னதன் இருப்பிடத்தை 1990இல் மேரி கிளேர் கிங் அம்மையார் சுட்டினார். அது 1994இலும், பின்னது 1995இலும் பிரித்தறியப்பட்டன. பிராக்கா-1 பழுதோடு பிறந்த பெண்கள் நூற்றுவரில் ஏறத்தாழ 44 பேருக்கு 80 வயதுக்குள் சூலகப் புற்றுநோய் வரக்கூடும் என்றும், பிராக்கா-2 ஆயின் 17 பேருக்கு என்றும் 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கூறுகின்றது. அப்பழுது இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவரே இந்நோய்க்கு ஆளாகின்றனர்.

தந்தைமார் இங்கே செவிசாய்க்க வேண்டும். இம்முதுசம் தாய்வழிச் சொத்தன்று. தந்தையிடமிருந்தும் வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆகவே, தாய்வழியில் யாருக்கும் இல்லை என்று ஆறுதல் கொள்வது போதாது. தந்தையின் சகோதரிக்கு என்ன நேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். மகளின் கலியாணம் தடைப்படும் என்று மாமியின் நோயை மறைக்கும் குடும்பம், அம்மகளின் உயிர்க்காப்பையே மறைக்கின்றது. முன்னரே அறிந்த பெண்ணுக்கு வழியுண்டு. பிள்ளைப்பேறு நிறைந்தபின், மருத்துவர் கூறும் வயதில், சூலகங்களையும் பலோப்பியன் குழாய்களையும் அகற்றிக்கொண்டால் அபாயம் ஏறத்தாழ 80 வீதம் குறைகின்றது. நோய் வந்த பின்னும் அவ்வறிவு பயன்படும். பிராக்கா பழுதுடைய சூலகப் புற்றுநோய்க்கென ஒலாபரிப் என்ற மருந்து 2014இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது.

இரண்டு குற்றச்சாட்டுகளும் நிற்கவில்லை. ஆனால், விடுதலைத் தீர்ப்பு மட்டும் ஒருத்தியையும் காப்பாற்றாது. செய்ய வேண்டியன சில உள.

இந்நாட்டில் 2017ஆம் ஆண்டிற் பப்பிலோமா தடுப்பூசி தேசியத் திட்டத்திற் சேர்க்கப்பட்டு, ஆறாம் தரத்து மாணவியர்க்குப் பாடசாலையிலேயே வழங்கத் தொடங்கினர். சம்மதக் கடிதம் வீட்டுக்கு வரும்போது, இந்த வயதில் இது எதற்கு என்று திருப்பியனுப்பாதீர்கள். வைரசு வந்தபின் ஊசி பயன் தராது. வருமுன் காப்பதற்காகவே இந்த வயது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் பல ஊர்களில் இயங்குகின்றன. 35 வயதான தாய்மார் ஒருமுறை, 45இல் மீண்டும் ஒருமுறை செல்லுங்கள். மாதவிடாய் நின்றபின் இரத்தம் காணுதல், உறவின் பின் இரத்தம் காணுதல், வாரக்கணக்கில் வயிறு ஊதியிருத்தல் ஆகியவற்றை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

சிற்றூரில் இது நடக்குமா என்று ஐயுறுவோர்க்குத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம் விடை கூறுகின்றது. அங்கே பயிற்சி பெற்ற தாதியர், அசெற்றிக் அமிலத்தைத் தடவிக் கண்ணாற் பார்க்கும் எளிய முறையைக் கிராமந்தோறும் கையாண்டனர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 25 வீதமும், அதனால் வரும் மரணம் 35 வீதமும் குறைந்தன என்று 2007இல் முடிவு வெளியாயிற்று. அங்கே பரிசோதனைக்கு வந்தவர்கள் நம்மைப் போன்ற உழவர் குடும்பத்துப் பெண்களே.

ஆனால், மக்கள் கடமை ஒருபுறம் இருக்க, அரசின் கடமை மறுபுறம் உண்டு. மரபணுப் பரிசோதனை பணமுள்ளவர்க்கு மட்டும் உரியதாகக் கூடாது. பிராக்கா மரபணுக்களுக்கு அமெரிக்கக் கம்பனியொன்று ஆக்கவுரிமை பெற்றிருந்ததையும், 2013 ஜூன் 13ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒரே குரலில், இயற்கையான மரபணுவைப் பிரித்தெடுத்ததனால் மட்டும் அது ஒருவரின் ஆக்கம் ஆகாது என்று தீர்த்ததையும் நினைவிற் கொள்ளுங்கள். செயற்கையாக ஆக்கிய படிக்கு உரிமை உண்டு என்றும் அத்தீர்ப்பே கூறிற்று. எனினும், மரபணு மனித குலத்தின் முதுசம். கம்பனியின் தேட்டமன்று என்ற நெறி அங்கே நிலைபெற்றது. அந்த நெறியை நம் வைத்தியசாலை வாயில் வரை கொண்டுவருவது நம் அரசியல்.

ஆகவே நாம் மூன்றைக் கேட்போம். அரச வைத்தியசாலைகளில், தேவையுள்ள குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனையும் பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பரிசோதனையின் முடிவும் விளக்கமும் அப்பெண்ணின் தாய்மொழியில், தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழில், தரப்பட வேண்டும். தனக்கு விளங்காத தாளில் ஒப்பமிடுவது சம்மதம் ஆகாது என்பது சட்டம் பயின்ற எவரும் அறிந்ததே. மலையகத் தோட்டங்களிலும் வன்னிச் சிற்றூர்களிலும் உழைக்கும் பெண், அரைநாட் கூலியை இழக்காமற் கிளினிக்குக்குச் சென்றுவர வழி செய்ய வேண்டும்.

இவற்றை அரசு தரும்வரை காத்திராமல், இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், இருவழிச் சொந்தத்திலும் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பிற் புற்றுநோய் வந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். காணி உறுதிகளைப் பெட்டியில் வைத்துக் காக்கின்றோம். அந்தத் தாளையும் அவற்றோடு வையுங்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்கள் கையிற் கொடுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது கொண்டு செல்லுங்கள். வெட்கத்துக்காக ஓர் உயிரையும் நாம் இனி இழக்க வேண்டாம் என்று கேட்டு, என் உரையை முடிக்கின்றேன்.