குற்றவாளி என்று கோர்ட் சொன்ன பிறகு

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை)



நம் பேச்சில் ‘தண்டனை’ என்ற ஒரே சொல்லை இரண்டு காரியங்களுக்கு வைத்திருக்கிறோம். “இவன் குற்றம் செய்தான்” என்று மாஜிஸ்ட்ரேட் முடிவு சொல்வது ஒன்று. “ஆகவே இத்தனை மாதம் ஜெயில், இத்தனை ரூபாய் அபராதம்” என்று விதிப்பது இன்னொன்று. முதலாவதை வக்கீல்கள் ‘கன்விக்ஷன்’ என்பார்கள். நாம் அதைக் குற்றத்தீர்ப்பு என்று சொல்வோம். இரண்டாவதுதான் தண்டனை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் எத்தனையோ தொழிலாளி வீடுகளில் வீண் பயமும் உண்டாகிறது. வீண் துணிச்சலும் உண்டாகிறது.

முதலில் பயத்தைப் பார்ப்போம். போலீசார் கைது செய்தால் அது குற்றத்தீர்ப்பு அல்ல. எப்.ஐ.ஆர். போட்டாலும் அல்ல, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும் அல்ல. பதினைந்து நாள் ரிமாண்டில் கிடந்தாலும் அல்ல. ‘அமைதி காப்பேன்’ என்று ஜாமீன் பத்திரம் எழுதி வாங்குகிறார்களே, பழைய 107-வது செக்ஷன், அதுவும் அல்ல. குண்டர் சட்டத்தில் ஒரு வருஷம் முழுக்க உள்ளே வைத்தாலும் அது தடுப்புக் காவல்தான், குற்றத்தீர்ப்பு ஆகாது. வாய்க்கால் தகராறில் அடிதடி வழக்கு வந்து, சட்டம் அனுமதிக்கிற பிரிவில் இரு தரப்பும் கோர்ட்டில் ராஜியாகப் போனால், அதற்கு விடுதலைத் தீர்ப்பின் பலன் உண்டு. இதை அறியாமல், “நான் ஜெயிலுக்குப் போய் வந்தவன், எனக்கு இனி என்ன இருக்கிறது” என்று ஒதுங்கி நிற்கிற தோழர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் எந்த நிமிஷத்தில் அது குற்றத்தீர்ப்பு ஆகிறது? கோர்ட் “குற்றவாளி” என்று தீர்ப்பளிக்கிற அந்த நிமிஷத்திலேயே ஆகிவிடுகிறது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடக்கிற புதிய சட்டத்திலும் சரி, வரிசை ஒன்றுதான். முதலில் குற்றவாளி என்ற தீர்ப்பு. பிறகு தண்டனை பற்றிக் குற்றவாளி சொல்வதைக் கேட்பது. அதன் பிறகு தண்டனை. வழக்கு முற்றுப்பெறுவது தண்டனை சொன்ன பிறகுதான். ஆனால் குற்றத்தீர்ப்பு அதற்கு முன்பே பிறந்துவிடுகிறது. அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப் வழக்கில் 2024 மே 30 அன்று நியூயார்க் ஜூரி 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது. 2025 ஜனவரி 10 அன்றுதான் தண்டனை சொல்லும் நாள் வந்தது; அன்றும் ஜெயில் இல்லை, அபராதம் இல்லை. இடையில் இருந்த ஏழு மாதமும் அவர் குற்றத்தீர்ப்புப் பெற்றவரா இல்லையா என்று அங்கே பெரிய சர்ச்சை. நியூயார்க் சட்டப்படி ஜூரி சொன்ன முடிவு பதிவானதுமே அது குற்றத்தீர்ப்புத்தான்.

இனி துணிச்சலைப் பார்ப்போம். “அப்பீல் போட்டுவிட்டோம், தண்டனையை நிறுத்தி வைத்துவிட்டார்கள், இனிமேல் ஒன்றுமில்லை” என்கிறார்கள். இது தவறு. நிறுத்தி வைத்தது தண்டனையை மட்டுமே. குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கிறது. 2001-இல் நம் மாநிலத்திலேயே இது பெரிய கேள்வியாயிற்று. டான்சி வழக்கில் 3 வருஷத் தண்டனை பெற்ற ஜெயலலிதா, அப்பீலில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நிலையில், முதலமைச்சராகப் பதவியேற்றார். குற்றத்தீர்ப்பு உயிரோடு இருக்கும்போது அந்த நியமனம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் செப்டம்பர் 21 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் ராகுல் காந்திக்குச் சூரத் கோர்ட் 2 வருஷம் விதித்தது, மறுநாளே எம்.பி. பதவி போயிற்று. அப்பீல் கோர்ட் தண்டனையை நிறுத்தி ஜாமீன் கொடுத்தது, பதவி திரும்பவில்லை. ஆகஸ்ட் 4 அன்று சுப்ரீம் கோர்ட் குற்றத்தீர்ப்பையே நிறுத்தி வைத்த பிறகுதான் திரும்பியது. குற்றத்தீர்ப்பை நிறுத்தி வைப்பது அபூர்வம். அதற்குத் தனியாக மனுப் போட்டு, தக்க காரணம் காட்ட வேண்டும். பெரிய மனிதர்களுக்கு அதைக் கேட்டுவாங்கப் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். நம்மவர்களுக்கோ அப்படி ஒன்று கேட்கலாம் என்பதே தெரிவதில்லை.

நமக்கு மிகவும் முக்கியமானது இப்போது சொல்லப்போவது. மறியல் செய்ததற்காக ஐம்பது பேர் மேல் வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. இரண்டு வருஷம் அலைந்த பிறகு கோர்ட் வாசலில் ஒருவர் சொல்கிறார்: “ஒத்துக்கொள்ளுங்கள், சிறு அபராதம், இன்றைக்கே முடிந்துவிடும்.” கட்டிவிட்டு, வழக்குத் தீர்ந்தது என்று வீட்டுக்கு வருகிறோம். தோழர்களே, அதுவும் குற்றத்தீர்ப்புத்தான்! பத்து ரூபாய் அபராதமானாலும் குற்றத்தீர்ப்புத்தான். அதோடு, ஒத்துக்கொண்டவனுக்கு அப்பீலில் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் பற்றிப் பேசத்தான் உரிமை. “நான் செய்யவில்லை” என்று சொல்லும் வாசல் அடைபட்டுவிடுகிறது. கூலி போகிற கணக்கை நாங்கள் அறியாதவர்களல்ல. ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவரவர் நிலைமையைப் பார்த்து, வக்கீலைக் கேட்டு முடிவு செய்யலாம். ஆனால் என்ன கொடுத்து வாங்குகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

வழியும் ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். முதல் தடவை மாட்டிக்கொண்டவரைச் சில சிறு குற்றங்களுக்குக் கண்டித்து விட்டுவிடலாம். அல்லது நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பலாம். இப்படிச் செய்தால், குற்றத்தீர்ப்பினால் வருகிற தகுதியிழப்பு அவருக்கு இல்லை என்று 12-வது செக்ஷன் சொல்கிறது. குற்றத்தீர்ப்பே அழிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமல்ல. 1975-இல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உத்தியோகத்தில் இருப்பவரின் நடத்தை பற்றி இலாகா நடவடிக்கை எடுக்க முடியும். ஆயினும் வெறும் அபராதத்தைவிட இது எவ்வளவோ மேல். பத்தில் ஒன்பது பேர் அபராதத்தை எண்ணிக் கட்டுகிறார்களே தவிர, இதைக் கேட்பதில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம்.

பையன் சர்க்கார் வேலைக்கு மனுப் போடுகிறான். பாரத்தில் கேட்கிறார்கள்: எப்போதாவது கைது செய்யப்பட்டாயா? வழக்கு நிலுவையில் இருக்கிறதா? குற்றத்தீர்ப்பு உண்டா? இவை மூன்றும் மூன்று தனிக் கேள்விகள். விடுதலையான பையன் மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று எழுதுவது நியாயம். அதே கையோடு முதலாவதற்கும் ‘இல்லை’ என்று எழுதினால் அது மறைத்ததாகும், கிடைத்த வேலையும் போகலாம். 2016-இல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்றது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கானால், மறைத்ததைக்கூட நிர்வாகம் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. விடலாம் என்றுதான் இருக்கிறது. விட்டே ஆக வேண்டும் என்று இல்லை.

மாஜிஸ்ட்ரேட் கோர்ட் குற்றவாளி என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள்தான் கெடு. ஜெயில் தண்டனை என்றால் தீர்ப்பு நகலை உடனே, காசில்லாமல் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டம் இருக்கிறது. ஆலைத் தொழிலாளி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர் ஆகியோர் வருமானக் கணக்குக் காட்டாமலே இலவச வக்கீல் கேட்கலாம். மற்ற விவசாயத் தொழிலாளர்கள் வருமானக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். மனுவைத் தாலுகா கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவில் கொடுக்கலாம்.