வண்டியிலே ஒரு படுக்கை

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்பக்கத்துக்கு மேல்மூடி போட்டு, பலகை அடித்து, மெத்தை விரித்து, காட்டோரம் போய்த் தங்குகிறவர்கள் உண்டு. அவர்களில் தீராத நோய்க்காரர்களும் இருக்கிறார்கள். "உடம்புக்கு முடியாதவனுக்கு இது தேவையா?" என்று நம்ம பெரியம்மா கேட்பார். கேட்கட்டும்.

இன்சுலின் போடுகிறவர் முதலில் பார்ப்பது மெத்தையை அல்ல, குளிர்பெட்டியை. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஐஸ்கட்டியோடு ஒட்டி உறைந்துபோனால் தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால் 12 வோல்ட் ஃபிரிட்ஜ். அதற்குத் தனி பேட்டரி. வண்டி பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க ஓட்டினால், காலையில் மருந்து ஜில்லென்று இருக்கும், வண்டிதான் கிளம்பாது!

நிரந்தர இயலாமை உள்ள அந்நாட்டுக் குடிமக்களுக்குத் தேசியப் பூங்காக்களில் நுழைய ஆயுள் அனுமதி அட்டையும் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது.