டயட்டீஷியன் படிப்பையும் எண்ணிப் பாருங்கள்



சுங்கை சிப்புட், செமோர், பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுக்குப் போய், நிரை நிரையாகப் பால் மரம் சீவி, வாளி சுமந்தவர்கள் ஏராளம். அந்த உழைப்புக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை. ரொட்டி சானாயும் டின் பால் கலந்த தே தாரிக்கும் கூடச் சேர்ந்துகொண்டன.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. சிறுநீரகம் பழுதாகி டையாலிசிசுக்கு வருபவர்களிலும் பலருக்கு மூல காரணம் இந்த நோய்தான்.

"சோற்றைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். "அப்படியானால் எதைச் சாப்பிடுவது?" என்ற கேள்வியோடு பாட்டி வீடு திரும்புகிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான் டயட்டீஷியன். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும் என்பது சுகாதார அமைச்சு எல்லாருக்கும் சொல்லும் பொது அளவு. ஆனால் நோயாளிக்கு நோயாளி கணக்கு மாறும். உடம்புக்கு நல்லது என்று குடிக்கும் இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதுவே ஆபத்தாகலாம். இரத்தப் பரிசோதனை முடிவைப் படித்து, உணவை அளந்து சொல்லத் தெரிய வேண்டும்.

அந்த அறிவைத் தருவது நான்காண்டுப் பட்டப்படிப்பு. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், தனியார் துறையில் ஐ.எம்.யூ. ஆகியவை இதை நடத்துகின்றன. இது பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் பங்கிட்டுக் கற்பிக்கும் படிப்பு. உயிர்வேதியியலும் உடலியலும் வகுப்பறையில். நோயாளியிடம் பேசிப் பழகுவது வார்டில். நூற்றுக்கணக்கானோருக்குச் சமைப்பதைக் கற்பது மருத்துவமனைச் சமையற்கூடத்தில்.

பட்டம் மட்டும் போதாது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. அதன்படி மன்றத்தில் பதிவு செய்த பிறகே தொழில் செய்யலாம். நாலு நாள் பயிற்சிக்குப் போய்விட்டுச் சத்துமாவு டின் விற்பவர் டயட்டீஷியன் ஆகிவிட முடியாது.

பெற்றோரே, பிள்ளை எஸ்.பி.எம்.மில் உயிரியலும் வேதியியலும் நன்றாகச் செய்திருந்தால், மருத்துவம் கிடைக்கவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம்., அடித்தளக் கல்வி ஆகியவற்றில் ஒன்றை முடித்து இப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோசைக்கு எவ்வளவு மாவு, ரசத்துக்கு எவ்வளவு உப்பு என்று அறிந்து வளர்ந்த பிள்ளை, அந்தப் பாட்டியின் கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்லும். பாட்டியும் அதைக் கேட்டு நடப்பார்.