இடுப்பை அளந்து பாருங்கள்

1969 முதல் தெற்குத் தில்லியில் பிறந்த குழந்தைகளை மருத்துவர்கள் பல ஆண்டுகள் எடை பார்த்து, உயரம் அளந்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் சுமார் 1,500 பேரை 26 முதல் 32 வயதில் மறுபடியும் பரிசோதித்தார்கள். முடிவு 2004-இல் வெளியானது. நூற்றுக்குப் பதினைந்து பேருக்குச் சர்க்கரை நோய், அல்லது அதற்கு முந்தைய நிலை!

இத்தனைக்கும், 12 வயதில் இவர்களில் ஒருவருக்குக்கூட அளவுமீறிய பருமன் இல்லை. கைக்குழந்தையாக மெலிந்திருந்து, இரண்டு வயதுக்குப் பிறகு வேகமாகச் சதை போட்டவர்களுக்கே ஆபத்து அதிகம். கொழுகொழுவென்று வளர்ந்தால்தான் ஆரோக்கியம் என்று நாம் இன்னும் நம்புகிறோமே, அதுதான் என் கவலை.

ரத்தத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது? சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு எடுத்துக்கொள்வது தசைகள். உட்கார்ந்தே இருந்தால் அவை மந்தமாகிவிடும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்போ இன்சுலினின் வேலையைக் கெடுக்கும்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்குத் தினமும் அரைமணி வேகநடையும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லித்தரப்பட்டன. மூன்றே ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு கால்பங்குக்கு மேல் குறைந்தது.

இன்றே ஓர் அளவுநாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.