கடைசிப் படகு போன பிறகு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



ஒரு பயணத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று போய்வந்த கதைகள் இங்கே பலரிடம் இருக்கும். நான் சொல்ல வந்தது நெடுந்தீவில் நாங்கள் ஐந்து பேர் தங்கிய ஓர் இரவைப் பற்றி.

எங்களோடு விடுதியில் இருந்த சினேகிதி ஒருத்தி ஆசிரியத் தொழிலில் ஓய்வுபெற்றபின் நெடுந்தீவில் தாயின் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். "வாறதெண்டால் ஒரு இரவு நிக்கிறமாதிரி வாங்கோ. படகுக்கு நேரம் பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கு என்னால சோறு போடேலாது" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, பிறகு தாம்போதியால் புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் துறை. அங்கே வீதி முடிகிறது. மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் குன்றும் குழியுமான பாதையைச் சொல்லி அலுத்துக்கொள்வார்கள். தீவாருக்குக் கடல்தான் பாதை. அதுவும் சோளகம் பெயர்ந்த நாளில் ஏழாத்துப் பிரிவைக் கடக்கும்போது படகு எழும்பி விழும் விதத்தில், வாயாடிகளான நாங்கள் ஐந்து பேரும் ஒருமணி நேரம் வாய் திறக்கவில்லை. எதிரே இருந்த ஒரு தாய் மடியில் பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டு இருந்தார். அவருக்கு அது பஸ் பயணம் மாதிரி.

பகலில் எல்லோரும் பார்ப்பதை நாங்களும் பார்த்தோம். கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள், பெருக்கமரம், இடிந்த கோட்டை, புறாக்கூடு, முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய வேலிகள். பின்னேரம் கடைசிப் படகு வெளிக்கிட்டது. சுற்றுலா வந்தவர்களோடு, வேலைக்கு வந்துபோகிறவர்களும் அதில் ஏறினார்கள். அதன் பிறகு தீவு தீவாருக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. காற்று பனையோலையில் உரசும் சத்தமும் எங்கோ ஒரு மாட்டின் குரலும் தவிர வேறு சத்தமில்லை.

ஒடியற்கூழ் குடித்துவிட்டு முற்றத்தில் பாய் விரித்து இருந்தோம். அப்போதுதான் அவள் கதைக்கத் தொடங்கினாள்.

"உங்களுக்கு மணிக்கூடு. எங்களுக்குப் படகு. கடைசிப் படகு போனால் அடுத்த நாள் விடியும்வரைக்கும் ஒருவருக்கும் பெரிய வருத்தம் வரக்கூடாது எண்டு கும்பிடுறதுதான்." தீவில் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் அதற்குமேல் சிகிச்சை வேண்டுமென்றால் கடல் கடக்கவேண்டும். அவளுடைய மகளைப் பிரசவ நாளுக்கு இரண்டு கிழமை முன்னரே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டாளாம். "சொந்தக்காரர் இல்லாத பிள்ளைத்தாச்சி எங்க போவாள்?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் பொறித்த கட்டளை அது. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளைக் காக்கவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றிய கப்பலானால் பாதிக்குப் பாதி. எண்ணூறு வருடங்களுக்கு முன்னரே இந்தக் கடலில் யானைக்கும் குதிரைக்கும் ஒரு நியாயம் எழுதிவைத்தார்கள். கர்ப்பிணிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் உரிய நியாயத்தை இன்னும் முழுதாக எழுதவில்லை.

இந்தக் கடல் பயமும் காட்டியது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன பயணிகள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மாவிலித்துறையில் ஒவ்வொரு வருடமும் அவர்களை நினைத்து விளக்கேற்றுகிறார்கள். அதன் பிறகும் அதே பெயர்ப் படகில் சனங்கள் ஏறினார்கள். வேறு வழி இல்லை. பள்ளிக்கூடம் அக்கரையில் இருந்தது.

அன்பானவர்களே, நாங்கள் இன்று கொண்டாடும் நூறு வருடத்தில் தீவுப் பிள்ளைகளின் பங்கு பெரிது. ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு என்று றங்குப் பெட்டியோடு வந்து விடுதியில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! என் சினேகிதி பதினொரு வயதில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் வந்தாள். "அந்தக் கட்டில் கிடைக்காமல் இருந்திருந்தால் நான் ரீச்சராகி இருக்கமாட்டன்" என்று அன்றிரவு சொன்னாள்.

இன்று வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் தாம்போதி உண்டு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்குக்கும் இன்னமும் படகுதான். அக்கரையிலிருந்து வரும் ஆசிரியர் படகோடு திரும்பவேண்டும் என்றால், பின்னேர வகுப்பு எப்படி நடக்கும்?

ஆகையால் இந்தச் சபைமுன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். நூற்றாண்டு நினைவாக மண்டபம் கட்டுகிறோம், நல்லது. அதோடு, எங்கள் விடுதியில் இரண்டு கட்டில்களை இந்த நான்கு தீவுகளின் பிள்ளைகளுக்கென்று சங்கம் பொறுப்பெடுக்கட்டும். சாப்பாடு, புத்தகம், படகுக்காசு எல்லாம் எங்கள் செலவு. அடுத்தது, கணிதமும் ஆங்கிலமும் விஞ்ஞானமும் படிப்பித்து ஓய்வுபெற்ற அக்காமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை படகேறுங்கோ. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வாங்கோ. தங்க வீடும் குடிக்கக் கூழும் அவள் தருவாள். பின்னேர வகுப்புக்கு முப்பது பிள்ளைகளைத் தான் சேர்த்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

முதல் பயணத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பட்டியல் வாசலில், வரவேற்பு மேசையில் இருக்கிறது. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கோ.