மூலமும் இசைத்தட்டும்



திருக்குறளுக்குப் பதின்மர் உரை வகுத்தனர் என்பது மரபு. மணக்குடவரும் பரிமேலழகரும் குறட்பாக்களை ஒரே வரிசையில் வைக்கவில்லை. ஆயினும் இன்றைய பதிப்புகளுள் பெரும்பாலானவை பரிமேலழகர் வரிசையையே பின்பற்றுகின்றன. உரையாசிரியர் ஒருவரின் தேர்வு நாளடைவில் மூலத்தின் தகுதியைப் பெற்றுவிட்டது. இசையிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு.

பீத்தோவனின் 5ஆம் சிம்பொனி 1808இல் வியன்னாவில் அரங்கேறியது. சுரங்கள் அச்சில் உள்ளன. வேகத்துக்குரிய எண்ணையும் அவரே பின்னர் வகுத்தளித்தார். எனினும் 1947இல் பெர்லினில் ஃபுர்ட்வெங்லரும், 1952இல் நியூயார்க்கில் தோஸ்கனினியும் நடத்திய பதிவுகள் வெவ்வேறு உலகங்கள். முன்னவர் காலத்தை நெகிழ்த்தி மௌனத்துக்கும் இடமளிக்கிறார். பின்னவர் எழுதியதற்குக் கட்டுப்பட்டு இறுகிய நடையில் விரைகிறார். இரண்டும் உரைகளே.

கீர்த்தனையின் நிலை இன்னும் நுட்பமானது. இந்த டோல்கேட்டை அடுத்துள்ள திருவொற்றியூரில் வடிவுடையம்மன்மீது தியாகராச சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். சீடர் வீணை குப்பையர், அவர் மகன் திருவொற்றியூர்த் தியாகையர் என அவ்விசை பெரிதும் வாய்வழிப் பாடமாகவே வந்தது. குரலே அங்கு ஏடு.

அத்தகைய மரபில் இசைத்தட்டு நுழைந்தபோது நேர்ந்ததற்கு, சுவாமிகளின் ‘நகுமோமு’ கீர்த்தனை சான்று. அதன் இராகம் ஆபேரி. முத்துசாமி தீட்சிதர் மரபில் ஆபேரி சுத்த தைவதம் உடையது. முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டோ சதுச்ருதி தைவதத்தோடு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே. அச்சிறு எல்லைக்குள் உருகிய குரல், அவ்வடிவமே வழக்காக நிலைபெறத் துணைநின்றது. இன்று சுத்த தைவதத்தில் ஒருவர் பாடினால் பழமையே புதுமையாகத் தோன்றுகிறது.

இதனைப் பிழையென ஒதுக்கிவிட இயலாது. வழக்கிலிருந்தே இலக்கணம் பிறக்கிறது. ஆனால் ஓர் உரை வென்றதும் ஏனையவை மறைவது இழப்பாகும். உ.வே. சாமிநாதையர் தாம் கொண்ட பாடத்தோடு பாடவேறுபாடுகளையும் அடிக்குறிப்பில் காத்தார். பழைய இசைப்பதிவுகளையும் அந்நெறியிலேயே போற்றிக் காத்தல் வேண்டும். ஒரே பாடலைப் பல குரல்களில் கேட்டு ஒப்புநோக்கல் வேண்டும்.

கவிஞர்களுக்கும் இதில் பாடம் உண்டு. தம் கவிதையைத் தாமே படிப்பதும் ஓர் உரைதான். வேறொருவர் அதே அடியை வேறிடத்தில் நிறுத்திப் படித்தால், ‘ஏன் அங்கே நிறுத்தினார்?’ என்று செவிகொடுங்கள். எழுதியவரும் அறியாத பொருள் அந்த நிறுத்தத்தில் இருக்கக்கூடும்.