செயின்ட் ஹெலினா: காத்து மறிச்ச ரன்வே

நேரா விஷயத்துக்கு வரேன்.

உங்க வீட்ல ஒருத்தருக்கு உடம்பு ரொம்ப முடியலை. உள்ளூர் ஆஸ்பத்திரியில, "இங்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"ன்னு சொல்லிட்டாங்க. அது எங்க இருக்கு? கடல்ல அஞ்சு நாள் பயணம். கப்பலோ மூணு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

2016 வரைக்கும் செயின்ட் ஹெலினாவோட நிலைமை கிட்டத்தட்ட இதுதான். தெற்கு அட்லாண்டிக் நடுவுல, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்குற பிரிட்டிஷ் தீவு. நெப்போலியனை நாடு கடத்தி வெச்ச அதே இடம். தப்பிச்சுப் போக முடியாதுன்னுதான் அங்க வெச்சாங்க. 2021-ல அங்க சுமார் 4,400 பேர் இருந்தாங்க.

இவங்களுக்காக பிரிட்டன் சுமார் 28.5 கோடி பவுண்டு செலவுல ஒரு ஏர்போர்ட் கட்டுச்சு. சமதளம் கிடைக்காம, ஒரு பள்ளத்தாக்கையே மண் கொட்டி நிரப்பி ரன்வே போட்டாங்க. 2016 மே மாசம் திறப்பு விழான்னு முடிவாச்சு. அதுக்கு முந்தின மாசம் ஒரு போயிங் 737 சோதனைக்கு வந்துச்சு. ரெண்டு தடவை இறங்கப் பார்த்து முடியாம, மூணாவது தடவைதான் இறங்குச்சு.

காரணம், விண்ட் ஷியர். கடல்காத்து செங்குத்துப் பாறையில மோதி மேல எகிறும். அதனால ரன்வே பக்கத்துல காத்தோட வேகமும் திசையும் சட்டுனு மாறும். 1836-ல இந்தத் தீவுக்கு வந்த சார்லஸ் டார்வினே இதை எழுதி வெச்சிருக்கார். அவர் நின்ன பாறை விளிம்புல காத்தே இல்லை. கையை வெளிய நீட்டினா பலமான காத்து.

விழா தள்ளிப்போச்சு. "உலகத்திலேயே உதவாத ஏர்போர்ட்"னு பிரிட்டிஷ் பத்திரிகைகள் கிண்டல் பண்ணுச்சு. கடைசியில, சின்ன விமானமான எம்ப்ரேயர் 190-ஐ வெச்சு, எல்லா சீட்டையும் நிரப்பாம, 2017 அக்டோபர் 14 அன்னைக்கு வாரம் ஒரு சர்வீஸ் ஆரம்பிச்சாங்க. ஜோகன்னஸ்பர்கிலிருந்து அஞ்சு நாள் இல்லை, ஆறு மணி நேரம் போல. அடுத்த வருஷமே பழைய பயணிகள் கப்பலுக்கு ஓய்வு.

டூரிஸ்ட் கணக்கு மட்டும் பார்த்தா, எதிர்பார்த்த கூட்டம் வரலை. டிக்கெட்டும் விலை அதிகம். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. பயணிகள் சர்வீஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, 2016-லயே, நோயாளிகளை ஏத்திட்டுப் போக சின்ன விமானங்கள் அந்த ரன்வேல இறங்கிடுச்சு. "உதவாத ஏர்போர்ட்"னு சிரிச்சுட்டு இருந்த அதே மாசங்கள்ல.

ஒரு சின்ன ஊருக்குப் போற ரயிலோ பஸ்ஸோ நஷ்டத்துல ஓடுதுன்னு அடுத்த தடவை நியூஸ் பார்த்தீங்கன்னா, எத்தனை பேர் ஏறுறாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. அது இல்லைன்னா யார் எத்தனை நாள் காத்திருக்கணும்னும் கேளுங்க.